ராஜா இல்லாத கோட்டையிலிருந்து தொடங்குங்கள்: வேலூரைச் சுற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் முதல் நாள் சாயங்காலமே கேட்டுவிடுவார்கள்: "கடலும் இல்ல, பீச்சும் இல்ல. உங்க ஊர்ல பொழுதுபோக்க எங்கதான் போவீங்க?" கோட்டைக்குத்தான் போவோம். அகழி ஓரம் உட்கார்ந்து சுண்டல் தின்போம். அலை மட்டும்தான் குறைச்சல்.

ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. 1639ல் கடற்கரையோரம் ஒரு மணல் துண்டைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த தாமர்ல நாயக்கர் வந்தவாசிப் பக்கத்துத் தலைவர். சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகர ராஜாக்களுக்கு அடங்கியவர். மெட்ராஸ் என்ற ஊர் முளைத்ததே எங்கள் வட ஆற்காட்டுச் சீமை போட்ட கையெழுத்தில்தான். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி வசனம் இருக்கிறது. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இன்னும் ஒன்றிரண்டும் சேர்ப்பார்கள். அதில் ஊர்ப் பெண்களைப் பற்றி வருவதை நான் எழுதப்போவதில்லை. அதைக் கட்டிவிட்டவனுக்கு அன்றைக்கு வீட்டில் சோறு கிடைத்திருக்காது. சரி, மீதி நாலையும் வரிசையாகப் போய்ப் பார்த்தாலே வேலூரைப் பார்த்த மாதிரிதான். வருகிற விருந்தாளிகளை நான் அப்படித்தான் கூட்டிப்போகிறேன்.

கிளம்பும் முன்

மார்ச் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை வராதீர்கள். வேலூரை 'வெயிலூர்' என்று சொல்வது சும்மா இல்லை. கத்திரி வெயிலில் கோட்டைக் கருங்கல்மேல் கை வைத்துப் பார்த்தால் புரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம்.

ரயிலில் வந்தால் காட்பாடி ஜங்ஷனில் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூரு, கோவைப் பக்கம் போகும் வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்கும். 'வேலூர் கன்டோன்மென்ட்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. அது விழுப்புரம் லைன். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காட்பாடி ஸ்டேஷனுக்கு வெளியே வந்து பாகாயம் போகும் டவுன் பஸ் ஏறினால் பாலாற்றுப் பாலம் தாண்டி ஊருக்குள் வந்துவிடலாம். ஆட்டோவில் ஏறுவதென்றால் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அதிகம் என்பதால் புது முகத்துக்குத் தனி ரேட் சொல்லும் பழக்கம் உண்டு.

இன்னொன்று, வெள்ளிக்கிழமையில் திட்டம் போடாதீர்கள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், மச்சான் குடும்பத்தை ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப்போய்ப் பூட்டைக் காட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்தக் கதை ஓடுகிறது.

முதல் படி: ராஜா இல்லாத கோட்டை

காலை 6 மணிக்கெல்லாம் போய்விடுங்கள். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நுழைவாயில். அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள், கிரிக்கெட் மட்டையோடு பையன்கள், இவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.

முதலில் உள்ளே போய்விடாமல் அகழியின் வெளிக்கரையில் கொஞ்ச தூரம் நடங்கள். தண்ணீரிலிருந்து நேராக எழும் வெளிமதில், அதற்குப் பின்னால் உயரமான உள்மதில், நடுநடுவே பிதுங்கி நிற்கும் கொத்தளங்கள். எல்லாம் கருங்கல். 133 ஏக்கரில் கிடக்கும் இந்தக் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு அடங்கிய சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் கட்டியது. அதற்குப் பிறகு பிஜப்பூர்க்காரர்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், கும்பினி என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலி மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் விழவில்லை.

ராஜா இல்லாத கோட்டை என்பது கேட்கச் சுவையாக இருக்கிறது. உண்மையில் இங்கே ராஜாக்களுக்குப் பஞ்சமே இல்லை. வந்தவர்களில் பலருக்கு நல்ல சாவு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

1614ல் விஜயநகரப் பேரரசர் வேங்கடபதி ராயர் காலமானார். அப்போது தலைநகரம் வேலூர். பட்டத்துக்கு வந்த ஸ்ரீரங்கரையும் குடும்பத்தையும் ஜக்கராயன் என்ற பிரபு இந்தக் கோட்டைக்குள்ளேயே அடைத்து வைத்தான், கடைசியில் தீர்த்துக்கட்டினான். ஒரு பையன் மட்டும் தப்பினான். எப்படித் தெரியுமா? அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து ஒரு வண்ணார் வெளியே கடத்திவிட்டார். ராஜவிசுவாசியான யாசம நாயக்கர் செய்த ஏற்பாடு. அந்தப் பையனுக்காக 1616ல் திருச்சிக்குப் பக்கத்தில் தோப்பூரில் பெரும்போர் நடந்தது. பையன் ராமதேவ ராயர் என்ற பெயரில் பட்டம் ஏறினான். காவலிருக்கும் அரண்மனையிலிருந்து வெளியே போகிற மூட்டையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கோட்டை வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்ணாரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்றுதான் தோன்றும். அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை.

அடுத்தது திப்புவின் குடும்பம். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு பிள்ளைகளையும் அந்தப்புரத்தையும் வேலூருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். திப்பு மகால், ஹைதர் மகால் என்று பெயர் சொல்லும் கட்டடங்களைக் கோட்டைக்குள் இன்றும் பார்க்கலாம். அலங்காரத்தை எதிர்பார்க்காதீர்கள், நீளமான கட்டடங்கள், வளைவுகள், காரை உதிர்ந்த சுவர். குடும்பத்துப் பெண்கள் சிலர் இங்கேயே இறந்து, கோட்டைக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். திப்பு என்ற பெயரே பக்கத்து ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக வைத்தது. பெயர் புறப்பட்ட இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடும்பம் சிறைப்பட்டது.

இனி 1806. இதைக் கோட்டைக்குள் நின்றே சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு கடைசியில் மெட்ராஸ் படையில் ஒரு புது உத்தரவு போட்டார்கள். நெற்றியில் விபூதி, நாமம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை வெட்ட வேண்டும். தலைப்பாகைக்குப் பதில் தோல் பட்டை வைத்த புதுத் தொப்பி. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நாளில் கோபம் வரவைக்க இதைவிட நல்ல உத்தரவை யாரும் யோசித்திருக்க முடியாது. மறுத்தவர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். 1806 ஜூலை 9ஆம் தேதி கோட்டைக்குள் திப்பு மகள் ஒருத்திக்குக் கல்யாணம். அந்தச் சந்தடிக்குள் ஏற்பாடுகள் முடிந்தன. மறுநாள், ஜூலை 10, பொழுது விடியும் முன்பே சிப்பாய்கள் வெள்ளைப் படைவீரர்களின் கொட்டடியைச் சுட ஆரம்பித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் செத்தார்கள். கோட்டைமேல் மைசூர்க் கொடி ஏறியது.

ஒரு பகல்கூட நிற்கவில்லை. தகவல் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆற்காட்டுக் குதிரைப்படைக்குப் போனது. கில்லஸ்பி என்ற தளபதி பாய்ந்து வந்தார். மதிலின்மேல் மிஞ்சியிருந்த சில வெள்ளைச் சிப்பாய்கள் கயிறு விட்டு அவரை மேலே தூக்கினார்கள். பின்னால் வந்த பீரங்கி வாசலைப் பிளந்தது. அதற்கப்புறம் நடந்தது படுகொலை. இந்தியச் சிப்பாய்களில் குறைந்தது 350 பேர் செத்தார்கள் என்று கணக்கு. அதற்கு மேலும் சொல்வார்கள். உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். கவர்னர் பெண்டிங்க், தளபதி கிரடாக் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1857 மீரட் சிப்பாய்க் கலகத்துக்கு 51 வருஷம் முந்தி நடந்த சங்கதி இது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பத்திக்குமேல் போகாததில் எங்களுக்கெல்லாம் ஒரு மனத்தாங்கல் உண்டு. கோட்டையை விட்டு வெளியே வந்தால் மக்கான் சந்திப்பில் அதற்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. டிராபிக்குக்கு நடுவே இருப்பதால் பலரும் பார்க்காமலேயே போய்விடுவார்கள்.

இரண்டாம் படி: சாமி இல்லாத கோயில்

கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயில். நூற்றாண்டுக் கணக்காக இது மூலவர் இல்லாமலே கிடந்தது. படையெடுப்புக்குப் பயந்து லிங்கத்தை வெளியே கொண்டுபோய்விட்டார்கள். சத்துவாச்சாரியில் வைத்துப் பூசை நடந்தது. வெறும் கோயிலைக் கும்பினிக்காரர்கள் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். என் தாத்தா காலத்துப் பிள்ளைகளுக்கு இது ஒளிந்து விளையாடுகிற இடம். 1981 மார்ச் 16 அன்று லிங்கம் திரும்ப வந்தது. அதனால் கேலி வசனத்தின் இரண்டாவது வரி அன்றோடு காலாவதி. ஆனாலும் யாரும் அதை விடவில்லை, வசனம் அவ்வளவு பழகிவிட்டது.

ஏழு நிலைக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனதும் நேராகச் சன்னதிக்கு ஓடாதீர்கள். இடது பக்கம் கல்யாண மண்டபம். இங்கே அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். முன்வரிசைத் தூண்களில் யாளிகளும் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகளும். குதிரை வயிற்றுக்குக் கீழே குனிந்து பாருங்கள். அங்கேயும் ஆள் இருக்கும், வேட்டையாடிக்கொண்டு. சேணத்தின் பட்டை, கடிவாளத்தின் முடிச்சு வரைக்கும் செதுக்கியிருக்கிறார்கள்.

பிள்ளைகளை அழைத்து வந்திருந்தால் ஒரு விளையாட்டு. ஒரே தலையை வைத்துக் காளையும் யானையும் செதுக்கிய சிற்பம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை. மறு பக்கத்தை மறைத்தால் காளை. யானையின் தும்பிக்கை மேலே வளையும் இடம்தான் காளைக்குக் கொம்பும் முகமும் ஆகிறது. முதல் தடவை பார்க்கிற எல்லாரும் இரண்டு மூன்று முறை கையை மாற்றி மாற்றி வைப்பார்கள். நானும் இன்னமும் வைக்கிறேன்.

கோயிலிலிருந்து சில நிமிட நடையில் 1846ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச்சும் நவாப் காலத்து மசூதியும் இருக்கின்றன. மூன்றும் ஒரே மதிலுக்குள். மசூதியை வெளியிலிருந்துதான் பார்க்கலாம்.

9:30 மணிக்கு மேல் அருங்காட்சியகம். எல்லா அறைகளையும் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கண்டி ராஜா வைத்திருந்த தந்தச் சதுரங்கப் பலகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவரைச் சாயங்காலம் போய்ப் பார்க்கப்போகிறோம்.

மத்தியானம்: பஜாரும் ஆஸ்பத்திரித் தெருவும்

வெயில் ஏறியதும் லாங் பஜாருக்குள் நுழைந்துவிடுங்கள். பெயர்தான் நீளம், தெரு குறுகல். மளிகை, வெல்லம், பாத்திரம், பூ, மூட்டை தூக்குபவர்களின் "சைடு, சைடு". அங்கே ஒரு மணிக்கூண்டு. கடைத் தார்ப்பாய்களுக்கு மேலே கண்ணை உயர்த்தினால் அதில் ஒரு கல்வெட்டு தெரியும். 1914-18 பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கிராமம் என்றுதான் போட்டிருக்கிறது. கீழே தக்காளி வாங்குகிற கூட்டத்தில் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ.

அடுத்து சி.எம்.சி. பக்கம். ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், உள்ளே போக வேண்டாம். எதிரே இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையிலும் காந்தி சாலையிலும் நடந்தால் போதும். ராணிப்பேட்டையில் 1870ல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண்களைச் சேர்த்தது 1947ல்தான். இன்றைக்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அதனால் இந்தத் தெருக்களில் லாட்ஜ் பலகை வங்காளியில் இருக்கும், மெடிக்கல் ஷாப்காரர் இந்தியில் பேசுவார், மெஸ்ஸில் கடுகெண்ணெய் மீன் குழம்பு வாசம் வரும். நம்ம ஊர்க் காய்க்கடை அம்மா "ஆலு போச்சிஸ் டாக்கா" (உருளைக்கிழங்கு இருபத்தஞ்சு ரூபாய்) என்று விலை சொல்வதை நின்று கேட்டிருக்கிறேன். ஒரு கையில் எக்ஸ்ரே உறையும் மறு கையில் குழந்தையுமாக நடக்கிறவர்களுக்கு வழி விடுங்கள், படம் எடுக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு பிரியாணி என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். ஆம்பூர் இங்கிருந்து 50 கிலோமீட்டர். ஆனால் அந்தப் பாணியில் சீரகச் சம்பா பிரியாணி வேலூரிலும் நன்றாகவே கிடைக்கும். கூட வரும் கத்திரிக்காயை ஒதுக்காதீர்கள். புளியும் எண்ணெயும் ஏறிய அந்தக் கத்திரிக்காய் இல்லாமல் இந்தப் பக்கத்தில் பிரியாணி இறங்காது. கத்திரிக்காய் என்றதும் சொல்ல வேண்டும்: அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும், பார்த்துப் பொறுக்குங்கள். சந்தையில் கிடைத்தால் ஒரு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தண்ணி இல்லாத ஆறு

வெயில் தணிந்ததும் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம். 1815ல் ஆங்கிலேயர்கள் பிடித்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். கிட்டத்தட்டப் பதினாறு வருஷம் அந்தச் சதுரங்கப் பலகையில் யாரோடு ஆடினாரோ. கல்லறைமேல் இந்த மண்டபத்தை 1990ல் கட்டினார்கள். சின்ன இடம், பத்து நிமிஷம் போதும். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேடி வந்து பார்ப்பதுண்டு, உள்ளூர்க்காரர்கள்தான் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்பார்கள்.

அங்கிருந்து ஆற்றைப் பாருங்கள். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலில் சேரும் ஆறு. ஓடி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பெரும்பாலான மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமும்தான். மேலே அணைகள், நடுவில் தோல் தொழிற்சாலைக் கழிவு, எல்லா இடத்திலும் மணல் அள்ளல். ஆனால் 2021 நவம்பரில் கரை புரண்டு வந்தது பாருங்கள், ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. கிழவிகள் ஆற்றுக்குக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு வசனம் பழையபடி உண்மையாகிவிட்டது.

மகா சிவராத்திரிக்கு மறுநாளை ஒட்டி வந்தால் இந்த மணலில்தான் மயானக் கொள்ளை. அங்காளம்மன் தேரும், காளி வேஷக்காரர்களும், கொழுக்கட்டையும் தானியமும் இறைப்பதுமாக ஆற்றுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. சித்ரா பௌர்ணமி என்றால் ஊருக்குள் புஷ்பப் பல்லக்கு. ராத்திரி முழுக்கத் தெருக்கள் பூவாசம். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு வெயிலையும் மீறி வரலாம்.

நான்காம் படி: மரம் இல்லாத மலை

இதற்கு எங்கும் ஏற வேண்டாம். ஊரின் கிழக்கே வரிசையாக நிற்கும் பாறைக் குன்றுகளைக் கோட்டை மதிலிலிருந்தே பார்த்துவிடலாம். மேலே மலைக்கோட்டைகளின் சிதிலம் இருக்கிறது. ஏறித்தான் தீருவேன் என்பவர்கள் விடிகாலையில், ஆள் துணையோடு, தண்ணீரோடு போங்கள். பகலெல்லாம் காய்ந்து ராத்திரி ஊருக்குச் சூட்டைத் திருப்பிக் கொடுப்பவை இந்தப் பாறைகள்தான்.

இரண்டாம் நாள் இருந்தால்

பெரும்பாலோர் நேராக ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போவார்கள். 2007ல் திறந்தது, சுமார் 1500 கிலோ தங்கம், நட்சத்திர வடிவத்தில் 1.8 கிலோமீட்டர் நடைபாதை. போன், கேமரா உள்ளே கிடையாது. அரைக்கால் சட்டையோடு விட மாட்டார்கள். விளக்கு ஏற்றிய பிறகு போனால் ஜொலிக்கும். என் ரசனைக்கு அது கொஞ்சம் அதிகம். அதனால் அதை மாலைக்குத் தள்ளிவிட்டு, காலையில் விரிஞ்சிபுரம் போங்கள்.

வேலூருக்கு மேற்கே 14 கிலோமீட்டர், பாலாற்றங்கரை, மார்க்கபந்தீஸ்வரர் கோயில். 'திருவாரூர் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு' என்று பழமொழியே உண்டு; அந்த மதிலை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு உள்ளே போங்கள். பெரிய சிங்க முகத்தோடு கட்டிய சிம்ம தீர்த்தம் இருக்கிறது. கார்த்திகைக் கடை ஞாயிறன்று பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் ராத்திரி இங்கே குளித்து ஈரத்துணியோடு படுப்பார்கள்.

நான் அங்கே போவது நாழிகைக் கல்லுக்காக. வெளிப்பிராகாரத்தில் பாதி நிலா வடிவத்தில் செதுக்கிய கல், வளைவில் எண்களும் கோடுகளும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். அங்கே தேடினால் கிடைக்காது. போன தடவை பத்தேகால் காட்டியது. என் போனில் பத்து இருபது. பக்கத்தில் நின்ற அர்ச்சகர், "உங்க போன்தான் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டு சார்" என்றார்.

நேரம் மிச்சமிருந்தால் திரும்பும்போது ஆற்காடு. 1751ல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகை தாங்கிய கோட்டையில் மிஞ்சியது பாலாற்றங்கரையில் நிற்கும் டெல்லி கேட் ஒன்றுதான். பார்த்துவிட்டு மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள். முந்திரி, பாதாம், சாரைப் பருப்பு உள்ளே வைத்து, நெய்யில் பொரித்து, பாகில் ஊறியது. குலாப் ஜாமூன்தானே என்று கடைக்காரரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாகோடு டப்பாவில் கொடுப்பார்கள். பஸ்ஸில் மடியில் நேராக வைத்துப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.